பாதிரியார் வீட்டில் பதினோரு கட்டில்கள்

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருவிகளையும் எரிமலைகளையும் பனியாறுகளையும் பார்க்கவே போகிறார்கள்; அந்த நாட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி பயணத் திட்டங்களில் அநேகமாக இடம்பெறுவதில்லை. எனக்கோ, மரமே அரிதான, ஆண்டில் பாதி நாள் இருட்டும் குளிரும் ஆளும் ஒரு தீவில் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எதைக் கொண்டு வீடு கட்டினார்கள், அதற்குள் எப்படிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள் என்பதை அறிந்துகொள்ளும் ஆவல் வெகுநாளாக இருந்தது. அந்த ஆவல்தான் என்னைத் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், ஸ்காகாஃபியோர்துர் என்னும் அகன்ற பள்ளத்தாக்கில் இருக்கும் கிளோய்ம்பைர் என்ற பண்ணைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே லூத்தரன் பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஒரு பழைய இல்லம், 1952ஆம் ஆண்டு முதல் அந்த வட்டாரத்தின் வரலாற்று அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. நம்மூர்ச் சபைகளில் குருமனை என்று சொல்வோமே, அத்தகைய வீடுதான். ஆனால் குருமனை என்றவுடன் நம் கண்முன் வரும் ஓட்டுக் கூரையும் தூண் வைத்த வராந்தாவும் இங்கே கிடையாது.

சாலையிலிருந்து பார்க்கும்போது முதலில் வீடு என்றே தோன்றாது. ஒரு புல்மேட்டின் ஓரத்தைச் செதுக்கி, அதில் வரிசையாகச் சில முக்கோண மர முகப்புகளைப் பொருத்தியது போல இருக்கும். கிட்டே போனால்தான், அந்த முகப்பு ஒவ்வொன்றும் தனித்தனி வீடு என்பதும், வீடுகளுக்கு இடையே உள்ள தடித்த சுவர்கள் மண்ணால் ஆனவை என்பதும், கூரை முழுவதும் உயிருள்ள புல் வளர்ந்திருப்பதும் தெரிகின்றன. இவ்வாறு 13 சிறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்பது, நடுவே ஓடும் ஒரு நீண்ட, இருண்ட நடைவழியால் உள்ளுக்குள் இணைக்கப்பட்டுள்ளன. மற்றவற்றுக்கு முற்றத்திலிருந்துதான் நுழைய முடியும். எல்லாம் ஒரே காலத்தில் கட்டப்பட்டவையும் அல்ல. சமையலறை போன்ற மிகப் பழைய பகுதிகள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை; எல்லோரும் உறங்கிய பெரிய கூடம் 1876இல் எழுப்பப்பட்டது. ஒரு பகுதி பழுதானால் அதை மட்டும் இடித்துக் கட்டுவார்கள், மற்றது அப்படியே நிற்கும். ஆகவே இந்த வீட்டுக்கு வயது என்ன என்று கேட்டால் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல இயலாது.

சுவர் கட்டிய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரமான புல்வெளிகளில் புல்லின் வேர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்த வேர்ப்பின்னலோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து, உலரவைத்து, அடுக்கிச் சுவராக்குகிறார்கள். மற்ற வட்டாரங்களில் கல்லையும் இந்தக் கட்டிகளையும் கலந்து அடுக்குவது வழக்கம். கிளோய்ம்பைரைச் சுற்றிக் கட்டடத்துக்கு உகந்த கல் அதிகம் கிடைக்காததால், இங்கே சுவர்களில் கல்லைக் காண்பதே அரிது. ஆப்பு வடிவில் வெட்டிய கட்டிகளை ஒரு வரிசை வலப்பக்கம் சாய்த்தும் அடுத்த வரிசை இடப்பக்கம் சாய்த்தும் வைத்து, இடையிடையே நீண்ட புல்மண் பட்டைகளை விரித்து அடுக்கியிருக்கிறார்கள். வெளிப்புறத்தில் அது மீன்முள் வரிசையாகத் தெரிகிறது. அழகுக்காகச் செய்ததாகத் தோன்றினாலும், சாய்வு மாறி மாறி வருவதால்தான் கட்டிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு முகங்களுக்கும் நடுவில் மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்கிவிட்டால், ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுள்ள சுவர் கிடைத்துவிடும். கூரையின் பாரத்தைத் தாங்குவது இந்தச் சுவர் அன்று, உள்ளே நிற்கும் மரச்சட்டம். சுவரின் வேலை குளிரைத் தடுப்பது.

கூரையின் சாய்வுக் கோணம் ஒரு நுட்பமான கணக்கு. சாய்வு குறைந்தால் மழைநீர் தேங்கி உள்ளே ஒழுகும். மிகுந்தால் நீர் நிற்காமல் ஓடிப் புல் காய்ந்து, மண் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக மழை இறங்கும். புல் பசுமையாக இருக்கும்வரைதான் கூரையும் கூரையாக இருக்கும். தென் ஐஸ்லாந்தைவிட இந்த வட்டாரத்தில் மழை குறைவு என்பதால் சுவர்கள் நெடுங்காலம் நிற்கின்றன.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது மண்ணின் வாசனை, அடுத்து அமைதி. காற்று அடித்துக்கொண்டிருந்த முற்றத்திலிருந்து கதவைத் தாண்டியதும் வெளியுலகின் ஓசை முழுவதும் நின்றுபோனது. நடைவழி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம். உயரமானவர்கள் சில இடங்களில் குனிய வேண்டும். குளிர்காற்று உறங்கும் கூடத்தை எட்டிவிடாதபடி வழியில் இடைக்கதவுகளும் வைத்திருக்கிறார்கள். இருபுறமும் அறைகள் பிரிகின்றன. முன்பக்கத்தில் விருந்தினருக்கான நல்ல அறைகள், உள்ளே போகப்போகச் சமையலறையும் உணவுச் சேமிப்பு அறைகளும், கடைசியில் கூடம்.

சமையலறையில் அடுப்பு எரிந்தது விறகால் அன்று. விறகுக்கு மரம் ஏது? காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த கரிமண்ணுமே எரிபொருள். புகை கூரைத் துளை வழியே வெளியேறும் முன், மேலே தொங்கவிட்ட இறைச்சியைப் பதப்படுத்திவிட்டுப் போகும். உப்புக் கிடைப்பது அரிதாக இருந்ததால் உணவைக் கெடாமல் காக்க இன்னொரு வழியும் கண்டிருந்தார்கள். பாலைத் திரித்து ஸ்கீர் என்னும் கட்டித்தயிர் போன்ற உணவைச் செய்துவிட்டு, மிஞ்சிய புளித்த நீரைப் பெரிய மரப்பீப்பாய்களில் நிரப்பி, அதில் இறைச்சியையும் குடல் வகைகளையும் ஊறப்போட்டுக் குளிர்காலம் முழுவதும் உண்டார்கள். அந்தப் பீப்பாய்கள் இன்றும் சேமிப்பு அறையில் நிற்கின்றன. அவற்றின் உயரத்தைப் பார்த்தபோதுதான் இந்த வீட்டில் எத்தனை வாய்களுக்கு உணவு வேண்டியிருந்தது என்பது எனக்கு உறைத்தது.

நடைவழி முடிவில் உள்ள கூடத்தை அவர்கள் பாத்ஸ்தோவா என்கிறார்கள். வீட்டில் வாழ்க்கை நடந்த இடம் இதுதான். பலகை வேய்ந்த சுவர், சாய்ந்த கூரை, இரு ஓரங்களிலும் சுவரோடு பொருத்திய குட்டையான கட்டில்கள். மொத்தம் 11 கட்டில்கள். ஒவ்வொன்றிலும் இருவர் படுப்பார்கள் என்பதால் 22 பேர் இங்கே உறங்க முடிந்தது. கூடத்தை வெதுவெதுப்பாக வைத்தது பெரும்பாலும் மனித உடல்களின் வெப்பமே. நடுப்பகுதியில் பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும் இருந்தார்கள். கம்பளி வேலைக்கு வெளிச்சம் தேவைப்பட்டதால் சன்னல் பக்கம் பெண்களுக்கு, இருண்ட பக்கம் ஆண்களுக்கு என்பது ஏற்பாடு. கோடியில், தடுப்புக்கு அப்பால், பாதிரியாருக்கும் அவர் குடும்பத்துக்கும் தனி அறை.

கட்டில் என்பது இங்கே படுக்கை மட்டும் அன்று. பகலில் அதுவே இருக்கை, வேலை மேசை, சாப்பாட்டு இடம். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக அஸ்குர் எனப்படும் மூடியுள்ள மரக்கிண்ணம் ஒன்று உண்டு. உணவை அதில் வாங்கிக்கொண்டு, மடியில் வைத்து, கொம்புக் கரண்டியால் உண்பார்கள். மூடிகளில் கொடிகளும் பூக்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரவில் போர்வை சரிந்துவிடாமல் கட்டிலின் ஓரத்தில் செருகும் பலகையும் அப்படியே. சிலவற்றில் இராக்கால ஜெபங்களின் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. தனக்கென்று ஓர் அறைகூட இல்லாத மனிதர்கள், தமக்கே உரிய கிண்ணத்திலும் பலகையிலும் கத்தியின் முனையால் இவ்வளவு உழைப்பைச் செலுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு கருத்து உருவானது. பழைய ஐஸ்லாந்திய வாழ்க்கை இப்படித்தான் இருந்தது என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கிளோய்ம்பைரைச் சுட்டுவது பயண நூல்களின் வழக்கம். அது பாதி உண்மைதான். நாட்டின் பெரும்பாலான மக்கள் இருந்தவை இதைவிடப் பலமடங்கு சிறிய, ஈரம் கசியும் குடில்கள். 1910இல்கூட நாட்டின் குடியிருப்புகளில் பாதியளவு புல்மண் வீடுகளாகவே இருந்தன. சிமெண்ட் வந்த பிறகு அவை வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டும் கைவிடப்பட்டும் மண்ணோடு மண்ணாயின. புல்மண் வீட்டைப் பேணாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் அது வெறும் மேடாகிவிடும். ஏழைகளின் வீடுகள் அப்படித்தான் போயின. இது நின்றதற்குக் காரணம், இது பாதிரியாரின் வீடு, அதாவது வசதியான வீடு என்பதுதான்.

ஐஸ்லாந்தில் பாதிரியாராக இருப்பது என்றால் பண்ணையாராகவும் இருப்பது என்று பொருள். 1550இல் நாடு முழுவதும் லூத்தரன் சமயத்துக்கு மாறிய பிறகு பாதிரியார்கள் மணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாதச் சம்பளம் அன்று. திருச்சபைக்குச் சொந்தமான நிலத்தை உழைத்தும் உழைப்பித்தும் அதன் பலனை எடுத்துக்கொள்ளும் உரிமை. அதோடு சபை நிலங்களின் குத்தகையும் காணிக்கையும் சேரும். நல்ல புல்வெளி உள்ள சபை கிடைத்தவர் செழிப்பார். கடலோரப் பாறை நிலத்துச் சபை வாய்த்தவர் தம் சபையாரோடு சேர்ந்து பட்டினி கிடப்பார். கிளோய்ம்பைர் நல்ல சபை. வைக்கோல் விளையும் வளமான பள்ளத்தாக்கு, ஆடு மாடு குதிரைகள், வந்துபோகும் விருந்தினர்கள், அவர்களுக்கென்று மரத்தளம் போட்ட அறைகள். அத்தனையையும் தாங்கியவர்கள் அந்த நடுக்கூடத்தின் கட்டில்களில் படுத்திருந்தவர்கள்.

அவர்கள் யார்? நிலமற்றவர்கள் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏதாவது ஒரு பண்ணையில் ஆளாக இருந்தே தீரவேண்டும் என்று ஐஸ்லாந்தில் சட்டம் இருந்தது. அதற்கு விஸ்தர்பாண்ட் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல வடிவங்களில் நடப்பில் இருந்த இந்தக் கட்டுப்பாடு, 1894இல்தான் பெருமளவு தளர்த்தப்பட்டது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இப்படி ஆட்களாக வாழ்ந்த காலங்கள் உண்டு. வசந்தத்தின் இறுதியில், குறித்த சில நாட்களில் மட்டும் ஒரு பண்ணையை விட்டு இன்னொரு பண்ணைக்கு மாறலாம். சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் கிடைக்காதவரை திருமணம் எட்டாக்கனி. ஆகவே ஒருவர் தம் இளமை முழுவதையும், சில வேளைகளில் வாழ்நாள் முழுவதையும், அடுத்தவர் கூடத்தில் அரைக்கட்டிலில் கழிக்க நேர்ந்தது. 1870க்கும் 1914க்கும் இடையே ஏறத்தாழ 15,000 ஐஸ்லாந்தியர்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததற்குக் கடுங்குளிரும் எரிமலைச் சாம்பலும் காரணம் என்பார்கள். இந்த அரைக்கட்டிலும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர்களின் கதையைச் சொல்லும் தனி அருங்காட்சியகம் ஒன்று இதே வட்டாரத்தின் ஹோஃப்சோஸ் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. கிளோய்ம்பைரைப் பார்ப்பவர்கள் அதையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

பாதிரியாரின் அறை இன்னொரு விதத்தில் முக்கியமானது. வீடு வீடாகச் சென்று சபையாரின் வாசிப்பைச் சோதிப்பது ஐஸ்லாந்தியப் பாதிரியார்களின் கடமை. அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த ஆணைகளுக்குப் பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, வீட்டில் அவர்களின் நிலை என்ன, வாசிக்கத் தெரியுமா, ஞானோபதேச வினாவிடை மனப்பாடமா, நடத்தை எப்படி என்றெல்லாம் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் திடப்படுத்தல், அதாவது சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு, கிடையாது. பொதுமக்களுக்கான பள்ளிக்கூடங்கள் அநேகமாக இல்லாத நாட்டில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலோர் வாசிக்கக் கற்றிருந்தது இப்படித்தான். பண்ணையாட்களின் பெயர்களும் வயதுகளும் இன்று நமக்குத் தெரிவது அந்தப் பதிவேடுகளால்தான். தம் கூடத்தில் உறங்கும் வேலைக்காரப் பெண்ணின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டவரும், அவளுக்குக் கூலி கொடுத்தவரும், ஞாயிறுதோறும் அவளுக்குப் பிரசங்கம் செய்தவரும் ஒருவரே. வட்டார வரலாறு எழுதுகிறவர்கள் நன்றியோடு பயன்படுத்தும் அந்த ஏடுகளை யாருடைய கை எழுதியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

குளிர்கால மாலைகளில் கூடத்தில் விளக்கேற்றி, எல்லோரும் கம்பளி வேலையில் இருக்க, ஒருவர் உரக்க வாசிப்பார். கம்பளியைச் சிக்கெடுப்பது, நூற்பது, பின்னுவது ஆகியவற்றில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. காலுறை பின்னாத ஆண்மகன் அங்கே அரிது. வாசிப்பதற்கான ஏடுகள் பெரும்பாலும் கையால் படியெடுக்கப்பட்டவை. அச்சு நூல்கள் பரவிய பிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது. அவ்வாறு கையெழுத்துப் படிகளாகவே பிழைத்துவந்த எழுத்துகளுள் ஒன்றுக்கு நம்மோடு நேரடித் தொடர்பு உண்டு. மேற்கு ஐஸ்லாந்தில் 1593இல் பிறந்த யோன் ஓலாப்சன் என்பவர் டென்மார்க் அரசரின் படையில் சேர்ந்து, 1620களில் தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையில் வீரராக இருந்தார். அங்கே நேர்ந்த வெடிமருந்து விபத்தில் படுகாயமடைந்து ஊர் திரும்பியவர், முதுமையில், 1661இல், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தரங்கம்பாடியைத் தம் கண்ணால் கண்டு எழுதிய அந்த ஏடு அச்சேறியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஐஸ்லாந்தும் தரங்கம்பாடியும் ஒரே முடியாட்சியின் கீழ் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தன என்பது நம் பாடநூல்கள் கண்டுகொள்ளாத செய்தி.

கிளோய்ம்பைர் காப்பாற்றப்பட்ட கதையில் ஓர் ஆங்கிலேயரும் வருகிறார். மார்க் வாட்சன் என்ற அந்தச் செல்வந்தர் 1930களில் ஐஸ்லாந்தில் பயணம் செய்தபோது, சிதைந்துகொண்டிருந்த இந்த வீட்டைக் கண்டு, அதைச் செப்பனிட 200 பவுண்டு வழங்கினார். ஐஸ்லாந்திய ஆட்டுக்காவல் நாயினம் அழியும் நிலைக்கு வந்தபோது அதைக் காக்க முன்வந்தவர்களுள் இவரும் ஒருவர். உள்ளூர்க்காரர்கள் புல்மண் வீட்டை விட்டு ஓட நினைத்த காலத்தில், அதில் ஒரு குளிர்காலமும் கழிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத வெளிநாட்டவர் அதன் அருமையைக் கண்டார் என்பதில் வியப்பில்லை. அதற்காக அவருடைய கொடையைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டியதில்லை. கடைசிக் குடியிருப்பாளர்கள் 1947இல் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே வட்டார அருங்காட்சியகம் நிறுவப்பட்டு, 1952இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்த நிலத்தின் பழமை புல்மண் வீட்டோடு முடிவதில்லை. கிரீன்லாந்துக்காரர்களைப் பற்றிய பழங்கதையில், கொலம்பசுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கரையில் சிலகாலம் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய கார்ல்செப்னியும் அவர் மனைவி குத்ரித்தும் கிளோய்ம்பைரில் குடியேறியதாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் பிறந்த முதல் ஐரோப்பியக் குழந்தை என்று போற்றப்படும் அவர்களின் மகன் ஸ்னோரிதான் இங்கே முதல் தேவாலயத்தைக் கட்டினாராம். குத்ரித் முதுமையில் ரோமாபுரிக்குத் திருப்பயணம் போய்வந்து கன்னியாஸ்திரியாக வாழ்ந்ததாகவும் கதை கூறுகிறது. குழந்தை ஸ்னோரி தாயின் தோளில் நிற்கும் சிலையொன்று தேவாலயத்தின் அருகே இருக்கிறது. சிற்பி ஆஸ்முந்துர் ஸ்வெய்ன்சன். கதை கதைதான் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 2001இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று இங்குள்ள வைக்கோல் வயலுக்கு அடியில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீள்வீடு ஒன்றின் சுவர்களைக் கண்டறிந்தது. அதில் வாழ்ந்தவர்கள் யார் என்று மண் சொல்லாது. எனினும் அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெரிய வீடு இருந்தது என்பது இப்போது உறுதி.

அருங்காட்சியக வளாகத்துக்கு வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட இரண்டு மரவீடுகளும் இருக்கின்றன. 1849இல் எழுப்பப்பட்டுப் பலமுறை இடம் மாறிய ஒன்றும், 1880களில் கட்டப்பட்ட இன்னொன்றும் புல்மண் வீட்டுக்குப் பிறகு வந்த காலத்தைக் காட்டுகின்றன. பின்னதில் காப்பியும் பலகாரமும் கிடைக்கும். உள்ளதை உள்ளபடி சொன்னால், இருண்ட நடைவழியில் அரைமணி நேரம் நின்ற பிறகு அந்த மரவீட்டின் பெரிய சன்னல் வழியே வந்த வெளிச்சம் எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. புல்மண் வீட்டை விட்டு மக்கள் ஏன் ஓடினார்கள் என்பதை எந்த விளக்கப் பலகையைவிடவும் அந்த வெளிச்சமே தெளிவாகச் சொல்லிற்று.

இவ்வகை வீட்டைக் காட்சிப்பொருளாகப் பூட்டி வைக்க முடியாது. சுவர் ஈரம் குடித்துப் பருக்கும், சாயும், சரியும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சுவரை இறக்கிப் புதிதாக அடுக்க வேண்டும். அதற்குக் கட்டி வெட்டத் தெரிந்த கை வேண்டும். வீடுகள் போனதோடு அந்தக் கைகளும் அருகிவிட்டதால், இந்த அருங்காட்சியகமும் வட்டாரத்தின் வேறு அமைப்புகளும் சேர்ந்து, பழைய கட்டடத் தொழில்களைக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றை 2007 முதல் நடத்துகின்றன. பயிற்சிக்கு வருகிறவர்கள் சதுப்பில் இறங்கிக் கட்டி வெட்டி, சுமந்து, பழுதான உண்மையான சுவர்களையே கட்டிப் பழகுகிறார்கள். 2011இல் ஐஸ்லாந்து தன் புல்மண் வீட்டு மரபை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அதில் கிளோய்ம்பைரும் அடங்கும். இந்த மரபுக்குப் பட்டியலைவிடப் பயிற்சிப் பள்ளிதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். மரபுவழிக் கட்டுமானத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசும் நம் ஊர் அதிகாரிகள் சிலரையாவது அங்கே ஒரு வாரம் கட்டி வெட்ட அனுப்பலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: நாட்டைச் சுற்றிவரும் முதலாம் எண் சாலையில் வர்மாஹ்லித் என்ற சிற்றூரில் வடக்கே திரும்பி, 75ஆம் எண் சாலையில் சில நிமிடங்கள் ஓட்டினால் கிளோய்ம்பைர் வந்துவிடும். கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் வரும்போது நடைவழியில் எதிரெதிரே வருபவர்கள் ஒதுங்கவும் இடம் இருக்காது. காலையில் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. கூடத்தை எட்டியதும் பாதிரியாரின் அறைக்கு நேராகப் போய்விடாமல், இருண்ட பக்கத்துக் கட்டில்களை முதலில் பாருங்கள்.